மாப்பிள்ளை நல்லா ஓட்டுவாருங்க

வண்டி ஓட்டத் தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்து கிடையாது. அவர்கள் பாட்டுக்கு பஸ்ஸில் போய்விடுவார்கள். நன்றாகத் தெரிந்தவர்களாலும் ஆபத்து கம்மிதான். அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறானே ஒருவன், அவனைப் பார்த்தால்தான் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் அந்த ஒருவன் நான்தான்.

அப்போது எங்கள் ஊர் தனி மாவட்டம் ஆகவில்லை. நான் யூனியன் ஆபீஸில் கிளார்க். சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருந்தேன். ஆனால் எட்டுப் போட்டு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வாங்கி, அதைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன். (வண்டி இல்லாதவனுக்கு லைசென்ஸ் எதற்கு என்று ஆபீஸில் கேட்டார்கள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.)

எனக்கு என் தாய்மாமா மகள் வசந்தாவை நிச்சயம் செய்திருந்தார்கள். மாமாவின் பெயர் ஏழுமலை. தேரடித் தெருவில் தையல் கடை. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், "டேய் சேகரு" என்று தெருமுனையிலிருந்தே கூப்பிடுகிறவர், நிச்சயதார்த்தத் தட்டு மாற்றிய நிமிஷத்திலிருந்து ஆளே மாறிப்போனார். "வாங்க மாப்பிள்ளை", "உக்காருங்க மாப்பிள்ளை" என்று ஆரம்பித்துவிட்டார். நான் கடைக்குள் நுழைந்தால் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வாரம், இத்தனை நாள் ஏன் நிற்கவில்லை என்று தோன்ற ஆரம்பித்தது.

முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்க வேண்டும். கோயில் கீழ்பென்னாத்தூர் தாண்டி இருந்தது. மாமா பஸ்ஸில் போகலாம் என்றார். மாப்பிள்ளை பஸ்ஸில் போவதா? எனக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த இன்ஸ்டிட்யூட் சாரிடம் போய் அவருடைய மோட்டார் சைக்கிளை இரவல் கேட்டேன். அவர் பயந்த சுபாவம். சட்டப்படி கட்ட வேண்டிய இன்சூரன்ஸோடு நிறுத்தாமல், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து ஜாஸ்தியாகக் கட்டி வைத்திருக்கிற ஆள். தயங்கித் தயங்கித்தான் சாவியைக் கொடுத்தார்.

வண்டி வசந்தா வீட்டு வாசலிலிருந்து கிளம்பியது. அவள் ஜன்னலோரம் நின்றாள். அவ்வளவு போதாதா? ஊர் எல்லை தாண்டும்போதே காற்று காதைக் கிழித்தது.

"மெதுவா போங்க மாப்பிள்ளை," என்றார் மாமா, மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"நான் இருக்கேன் மாமா. பயப்படாதீங்க."

எங்கள் பக்கத்தில் அறுவடை நேரத்தில் தார் ரோட்டின் பாதி, களத்துமேடுதான். கேழ்வரகுக் கதிரைப் பரப்பிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து, தானியத்தைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஓட்டத் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போவார்கள். நான் நேராகக் கதிருக்குள் விட்டேன். அதோடு நிறுத்தினேனா? நடுவில் போய் பிரேக்கையும் பிடித்தேன்.

வண்டி ஒரு பக்கம் போனது. நான் ரோட்டோரம் குவித்திருந்த கேழ்வரகுத் தாளில் போய் மெத்தென்று விழுந்தேன். ஒரு கீறல் இல்லை. காதிலிருந்து மட்டும் ரெண்டு நாள் கேழ்வரகு வந்துகொண்டிருந்தது. மாமா தாரில் விழுந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே, கால் திரும்பக் கூடாத திசையில் திரும்பியிருந்தது.

"ஐயோ என் கேவுரு!" என்று திட்டிக்கொண்டே ஓடிவந்த அம்மாள், மாமாவின் காலைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். வருகிற பஸ்ஸைக் குறுக்கே நின்று மறித்தவள் அவள்தான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்கு அடி கிடி படலையே?" அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் வரும்.

கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் கால் வளையவில்லை, அழுத்தவும் முடியவில்லை. தையல்காரனுக்குக் கை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கால். மிதிக்க முடியாமல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார் மாமா. ஒரு கை சக்கரத்தில் இருந்தால் துணியைத் தள்ள ஒரு கைதான் மிச்சம். ஒரு பட்டன் பட்டி அடிப்பதற்குள் வியர்த்துக் கொட்டியது. அன்றிலிருந்து வசந்தா கடையில் உட்கார்ந்தாள். ரவிக்கையிலிருந்து பள்ளிக்கூட யூனிஃபாரம் வரை அவள்தான் மிதித்துத் தைத்தாள்.

கல்யாணப் பேச்சை எடுத்தபோது, "எங்கப்பா திரும்ப மிஷின்ல உக்காரட்டும். அப்புறம் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டாள். மிஷினுக்கு மோட்டார் மாட்டினால் மாமா உட்காரலாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கே வசந்தாவின் கம்மல் அடகுக்குப் போய்விட்ட வீட்டில் மோட்டாருக்கு எங்கே போவது?

அப்போதுதான் கடைக்குச் சட்டை தைக்க வந்த வக்கீல் ஒருவர், மாமாவின் காலைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார்.

"நஷ்டஈடு கேட்டு மனு போடுங்க," என்றார். "பின்னால உக்காந்தவர் மேல என்னைக்குமே தப்பு கிடையாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினது அவர் இல்ல, பிரேக் பிடிச்சதும் அவர் இல்ல. சும்மா உக்காந்திருந்தாரு, கால் போச்சு. சாதாரண இன்சூரன்ஸா இருந்தா பின்னால உக்காந்தவருக்கு ஒண்ணும் கிடையாதுன்னு கையை விரிச்சிடுவாங்க. வண்டிக்காரர் இவருக்கும் சேர்த்துல்ல கட்டியிருக்காரு!"

மாமாவின் முகம் மலர்ந்தது. "அப்ப கம்பெனி மேல கேஸா?"

"முதல்ல ஓட்டினவர் மேல. அவர் அஜாக்கிரதையா ஓட்டினாருன்னு நிரூபிச்சாதான் வண்டிக்காரரைக் கேக்க முடியும். வண்டிக்காரருக்காகக் கம்பெனி கொடுக்கும்."

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. "மாப்பிள்ளை மேல கேஸா? நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"பணம் மாப்பிள்ளை பாக்கெட்லேர்ந்து போகப்போறதில்ல. நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க, போதும்."

வசந்தா மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "போடுங்க சார் மனு," என்றாள். இப்படியாக, ஒரு பத்திரிகையில் மணமகனாக இருந்த நான், இன்னொரு காகிதத்தில் முதல் எதிர்மனுதாரர் ஆனேன். இன்ஸ்டிட்யூட் சார் இரண்டாவது. இன்சூரன்ஸ் கம்பெனி மூன்றாவது.

வழக்கு இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மனுதாரரைக் கோர்ட்டுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனது முதல் எதிர்மனுதாரர்தான். மனுதாரருக்கு டீ வாங்கிக் கொடுத்ததும், மனுதாரரின் செருப்பைக் கையில் எடுத்து வந்ததும் அவரேதான். எங்கள் வக்கீலுக்குத் தலைவலி. எதிர்த்தரப்பு ஆளான என்னிடம் அவர் பேசக் கூடாதாம். அதனால் எனக்குச் சொல்ல வேண்டியதை மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். "ஓட்டினவர் உண்மையை மட்டும் சொன்னா போதும் ஏழுமலை, வேற எதுவும் பேசவேணாம்," என்பார். மாமாவும் தலையாட்டுவார், நானும் தலையாட்டுவேன்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. முதல் நாள் கடையில் மாமாவுக்கு ஒத்திகை. "எப்படி ஓட்டினாரு?" என்று வசந்தா கேட்பாள். "வேகமா ஓட்டினாருங்க, சொன்ன பேச்சு கேக்கலைங்க," என்று மாமா சுவரைப் பார்த்துச் சொல்வார். கச்சிதமாக வந்தது. கோர்ட்டில் அந்தச் சுவர் இல்லாமல் போனதுதான் வினை. கூண்டில் ஏறி நின்றவர் கண்ணுக்கு நேரே, வேட்டி சட்டையோடு கைகட்டி நின்றேன் நான்.

எங்கள் வக்கீல் கேட்டார். "சம்பவத்தன்னிக்கு வண்டியை எப்படி ஓட்டினாரு?"

மாமா என்னைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை நல்லா ஓட்டுவாருங்க," என்றார்.

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்தார். "நல்லா ஓட்டினா ஏன் விழுந்தீங்க?"

"நேரம் சரியில்லைங்க. அன்னிக்கு சனிக்கிழமை."

கம்பெனி வக்கீல் வேலூர்க்காரர். நல்ல சிவப்பு, நல்ல சிரிப்பு. எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப அவர் மேல தப்பே இல்லைன்னு சொல்றீங்க?"

"பொண்ணு கொடுக்கப்போற மாப்பிள்ளை மேல எப்படிங்க தப்பு சொல்றது?"

எங்கள் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பரவாயில்லை, இன்னும் நான் இருக்கிறேன். நான் போய் உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு கூண்டில் ஏறினேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

வேலூர் வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களைப் பத்தி விசாரிச்சேன். எட்டுப் போடும்போது காலே ஊனலையாமே?"

இதை அவரிடம் யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. (நானே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். யாராவது சொல்லியிருப்பார்கள்.) பின் பெஞ்சில் வசந்தா உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா சார். ஒரு தடவைகூட ஊனலை."

"அப்ப வேகமா போனாலும் வண்டி உங்க கட்டுப்பாட்டுலதான் இருந்திருக்கும்."

"எவ்வளவு வேகமா போனாலும் இருக்கும் சார்."

"ரோட்டுல கேழ்வரகு கொட்டிக் கிடந்தா யார் ஓட்டினாலும் விழுவாங்க, இல்லையா?"

"யார் ஓட்டினாலும் விழுவாங்க சார்," என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "நான் ஓட்டினதால இதோட போச்சு."

வேலூர் வக்கீல் எனக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் வக்கீல் கேஸ் கட்டை மூடி நாடாவை இறுக்கிக் கட்டினார். அந்தக் கோர்ட்டிலேயே என் பதிலைக் கேட்டுப் பெருமையாகத் தலையாட்டியவர் ஒரே ஒருவர்தான். அது மாமா.

வராந்தாவில் வசந்தா என்னைப் பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நல்லா ஓட்டினீங்களா? அப்ப எங்கப்பா காலு தானா ஒடிஞ்சிக்கிச்சா?"

"வசந்தா, அந்த ஆளு அப்படிக் கேட்டா நான் என்ன..."

"நாளையிலேர்ந்து நீங்களே வந்து மிதிங்க மிஷினை."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். மாமாவைப் படியில் உட்காரவைத்து, டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சம்பழ சாதம் எடுத்துக் கொடுத்தாள். மாமா அந்தக் காலை நீட்டிக்கொண்டு, அதைத் தடவிக்கொண்டே சாப்பிட்டார். மோட்டார் போச்சு, கல்யாணம் போச்சு, எல்லாம் என் வாயால் போச்சு என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பாருங்கள், மனசின் ஒரு மூலை மட்டும், "இவளுக்கு நாம் ஓட்டுவது தெரியவில்லை, அதுதான் பிரச்சினை," என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மூலையை இடித்துத் தள்ளியிருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்டிட்யூட் சார் என்னிடம் சாவியைக் கொடுத்தார். "சேகர், வண்டி வெயில்ல நிக்குது. மரத்தடிக்குத் தள்ளிட்டு வந்து நிறுத்து. தள்ளிட்டு மட்டும்தான் வரணும். ஸ்டார்ட் பண்ணாதே."

தள்ளப் போனேன். வேலூர் வக்கீல் கறுப்பு கவுனோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் தவித்துக்கொண்டிருந்தார். வேலூர் பஸ் கிளம்பும் நேரமாகிவிட்டதாம், ஒரு ரிக்‌ஷாவும் கண்ணில் படவில்லையாம்.

"ஏறுங்க சார். நான் கொண்டுபோய் விடுறேன்."

அவர் ஒரு நொடி தயங்கினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "இப்பதானே சார் கோர்ட்ல சொன்னேன்."

தன் கட்சிக்குத் தானே நிரூபித்த விஷயத்தை அவரால் சந்தேகப்பட முடியவில்லை. ஏறி உட்கார்ந்தார். "சேகர்! வேணாம்பா!" என்று இன்ஸ்டிட்யூட் சார் அலறியது வண்டிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. வசந்தா நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. முறுக்கினேன்.

"மெதுவா தம்பி," என்றார் வக்கீல்.

"நான் இருக்கேன் சார். பயப்படாதீங்க."

கோர்ட் கேட்டை ஒட்டி ஒரு கரும்பு ஜூஸ் கடை. சக்கையை எல்லாம் வாசலில் பரப்பிக் காயவைத்து, மிச்சத்தை ஓரமாகக் குவித்திருந்தார்கள். ஒதுங்கிப் போகலாம். இடம் இருந்தது. நான் நேராக உள்ளே விட்டேன். நடுவில் போய் பிரேக்கையும் பிடித்தேன்.

நான் போய் விழுந்த இடம் சக்கைக் குவியல். மெத்தென்று இருந்தது. வக்கீல் விழுந்த இடம் ரோடு.

கண்ணைத் திறந்தபோது எனக்கு முன்னால் மாமா ஓடிவந்துகொண்டிருந்தார். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவரால் எப்படி ஓட முடிந்தது என்று தெரியவில்லை. ஊன்றுகோலை வீசிவிட்டு, வக்கீல் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, அவருடைய பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அசைக்காதீங்க சார். அசைச்சா ஜாஸ்தியாயிடும். எனக்குத் தெரியும்," என்று சொல்லிக்கொண்டே தோள் துண்டால் கணுக்காலை இறுக்கிக் கட்டினார். வக்கீல் வலியில் முனகினார். கட்டி முடித்த மாமா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"டேய்!" என்றார்.

நிச்சயம் ஆன நாளிலிருந்து காணாமல் போயிருந்த அந்த "டேய்" கோர்ட் வளாகம் முழுக்க எதிரொலித்தது.

"உன்னை எவன்டா வண்டியத் தொடச் சொன்னது? அன்னிக்கும் இதே கூத்துதானேடா பண்ண? மெதுவா போ, மெதுவா போன்னு தலையால அடிச்சிக்கினேனே, காதுல வாங்கினியா? கேவுரு மேலயே உட்டு, அது மேலயே பிரேக்கும் புடிச்சியேடா! என் காலுதான் போச்சுன்னு விட்டேன். இவரு யாரு பெத்த புள்ளையோ, இவரு காலையும் உடைக்கப் பார்த்தியே! உனக்கு வண்டி ஓட்டவே தெரியாதுடா சேகரு!"

சாப்பாட்டுக்குக் கிளம்பிய நீதிபதி வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். எங்கள் வக்கீல்தான் கேஸ் கட்டின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தார். "ஏழுமலை! இதை அங்க சொல்லக் கூடாதா!"

மாமாவைத் திரும்பவும் விசாரிக்க மனு போட்டார். அடுத்த வாய்தாவுக்கு வேலூர் வக்கீல் காலில் கட்டோடு வந்தார். நீதிபதி அவரை உட்கார்ந்தே பேசச் சொன்னார். மாமா கூண்டில் ஏறி, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "மன்னிச்சிக்கிடுங்க மாப்பிள்ளை," என்றார். பிறகு கேழ்வரகில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார்.

குறுக்கு விசாரணை உண்டா என்று நீதிபதி கேட்டார். வேலூர் வக்கீல் குனிந்து தன் காலைப் பார்த்தார். "இல்லைங்க," என்றார்.

என்னையும் திரும்ப ஏற்றினார்கள். "அவர் சொன்னது எல்லாம் உண்மைங்க. எனக்கு ஓட்டத் தெரியாது," என்றேன். பின் பெஞ்சைப் பார்த்தேன். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக வசந்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் வேலூர்க்காரரிடம் போய், "நீங்களும் ஒரு மனு போடலாமே சார். பின்னால உக்காந்தவர் மேல என்னைக்குமே தப்பு கிடையாது. அதே வண்டி, அதே இன்சூரன்ஸ்," என்றார்.

"போடலாம்," என்றார் அவர் நொண்டிக்கொண்டே. "கம்பெனிக்காக நான்தானே வந்து எதிர்க்கணும்?"

தீர்ப்பு மாமாவுக்குச் சாதகமாக வந்தது. நஷ்டஈட்டில் கம்மலை மீட்டார்கள், மிஷினுக்கு மோட்டார் மாட்டினார்கள். இடது கால் கட்டைவிரலால் லேசாகத் தொட்டால் போதும், மிஷின் பறக்கும். அதில் மாமா தைத்த முதல் சட்டை என் கல்யாணச் சட்டை. தாலி கட்டிய கையோடு வசந்தா என் காதில், "உயிரோட இருக்கிற வரைக்கும் உங்க பின்னால உக்கார மாட்டேன்," என்றாள். சொன்ன சொல் தவறவில்லை. பிற்பாடு அவளே மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டாள். காய்கறிப் பையோடு பின்னால் உட்காருகிறவன் நான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வாக்கியம் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது. சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்து, சமைத்தவர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "மாப்பிள்ளை நல்லா ஓட்டுவாருங்க," என்று யாராவது சொல்வார்கள். பையன் கணக்கில் கோட்டைவிட்டு வந்தபோது வசந்தா பக்கத்து வீட்டில் சொன்னதும் அதேதான். மாமாவே கடைசிவரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் அந்த ஜோக்கில் கலந்துகொள்ள வாய் வந்ததில்லை.

போன வருஷம் எங்கள் மகளைக் கட்டிய மாப்பிள்ளை புதுக் கார் வாங்கி, என்னை முதல் ஆளாக உட்காரவைத்து வேங்கிக்கால் ஷோரூமிலிருந்து ஓட்டி வந்தார். "மெதுவா போங்க மாப்பிள்ளை," என்று நான் சொல்லச் சொல்ல, வண்டி எங்கள் வீட்டுக் கேட் தூணில் போய் மோதி நின்றது. என் நெற்றி கண்ணாடியில் இடித்துப் புடைத்துவிட்டது. சத்தம் கேட்டு வசந்தாவும் மகளும் வெளியே வந்தார்கள், தெருவே திரண்டது. அந்தப் பையன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வியர்த்துப்போய், தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னாங்க ஆச்சு?" என்று கேட்டாள் வசந்தா.

நான் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "மாப்பிள்ளை நல்லாதான் ஓட்டினாரு. இன்னிக்கு சனிக்கிழமை."